ஜிப்ஸிக்கு ஸ்விஃப்ட் டீசல் எஞ்சின்: வைக்கலாமா, வேண்டாமா?

மேகமலைவாசி
என்னிடம் 2006ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி இருக்கிறது. 1.3 லிட்டர் பெட்ரோல், 80 குதிரைத்திறன். சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறி, தார்ச்சாலை முடிந்த பிறகு கல்பாதையில் ஏலத்தோட்டம் வரை போக வேண்டும். நான்கு ஆட்களும் இரண்டு உர மூட்டைகளும் ஏறிவிட்டால் கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரை விட்டு நகரவே மறுக்கிறது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். விபத்தில் சிக்கிய ஸ்விஃப்ட்டின் 1.3 டீசல் எஞ்சினைப் பொருத்தித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். எல்லாம் சேர்த்து இரண்டேகால் லட்சம். மாதம் ஐந்நூறு கிலோமீட்டர்தான் ஓட்டம். செய்தவர்கள், செய்யாதவர்கள் இருவரும் சொல்லுங்கள்.

டர்போராஜா
யோசிக்கவே வேண்டாம், செய்யுங்கள். ஜிப்ஸி எஞ்சினின் டார்க், அதாவது முறுக்கு விசை, 103 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 4,500 சுழற்சியில். ஸ்விஃப்ட்டின் மல்டிஜெட் டீசல் எஞ்சின் 190 நியூட்டன் மீட்டரை 2,000 சுழற்சியிலேயே தந்துவிடும். மலையில் உங்களுக்கு வேண்டியது குதிரைத்திறன் அல்ல, இந்த இழுவைதான்.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. மேகமலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் சக்தியை இழக்கும். உங்கள் 80 குதிரைகளில் பத்துப் பன்னிரண்டு மேலே போய்ச் சேர்வதே இல்லை. டர்போ அந்த மெல்லிய காற்றை அமுக்கி உள்ளே தள்ளிவிடும். பல ஆண்டுகள் ஜிப்ஸி ஓட்டிய ராணுவமே கடைசியில் டாடாவின் டீசல் சஃபாரி ஸ்டார்மைத்தானே தேர்ந்தெடுத்தது?

பழைய ஸ்பேனர்
ராணுவம் வேறு வண்டி வாங்கியது தம்பி, ஜிப்ஸிக்குள் வேறு எஞ்சினைத் திணிக்கவில்லை.

மேகமலைவாசி, பட்டறைக்காரர் சொல்லாததை நான் சொல்கிறேன். ஸ்விஃப்ட்டில் அந்த எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. ஜிப்ஸியில் நீளவாக்கில் உட்கார வேண்டும். மவுண்ட்டுகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஜிப்ஸி கியர்பாக்ஸோடு சேர்க்க நடுவில் ஓர் அடாப்டர் தகடு கடைந்தாக வேண்டும். அதில் மையம் ஒரு நூல் விலகினாலும் கியர்பாக்ஸின் முன் பேரிங்கும் கிளட்ச்சும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். எண்ணெய்த் தொட்டி காருக்காக வார்த்தது. பள்ளத்தில் ஸ்பிரிங் பட்டை அமுங்கும்போது முன் ஆக்சில் நேராக அதில் இடிக்கும். தொட்டியை வெட்டி ஒட்ட வேண்டும், இல்லையென்றால் எஞ்சினைத் தூக்கிவைத்து பானெட்டை வெட்ட வேண்டும். டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கு இடம் வேண்டும். பெரிய ரேடியேட்டர் வேண்டும். டீசல் திரும்பிவரும் குழாய் வேண்டும். பெட்ரோல் டாங்க்கைத் துளித் தூசில்லாமல் கழுவ வேண்டும், ஏனென்றால் அந்தப் பம்ப் 1,600 பார் வரை அழுத்தம் தரும் காமன் ரெயில் வகை. மண் போனால் இன்ஜெக்டர் போயிற்று. ஆக்சிலரேட்டர் கம்பியால் இயங்காது, மின்சாரத்தால் இயங்கும். ஸ்விஃப்ட்டின் சாவி, ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), பெடல், வயரிங் நான்கும் ஒரே வண்டியிலிருந்து வராவிட்டால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் ஒத்துக்கொள்ளாது, ஸ்டார்ட்டே ஆகாது.

இப்போது ஆக்சில் கணக்கு. முதல் கியர் விகிதம் 3.65, நான்கு சக்கர ஓட்டத்தின் லோ 2.27, ஆக்சிலில் இருக்கும் டிஃபரன்ஷியல் 3.9. பெருக்கினால் ஏறத்தாழ 32. பெட்ரோலில் சக்கரத்துக்கு 3,300 நியூட்டன் மீட்டர் போகும். மல்டிஜெட்டில் 6,100. கல்லில் ஒரு சக்கரம் சிக்கியிருக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஷாஃப்ட் முறியும், இல்லையென்றால் முன் சக்கர ஜாயின்ட் உடையும். தோட்டத்துப் பாதையில் இரவு ஏழு மணிக்கு உடைந்தால் யார் வருவார்கள்?

டர்போராஜா
ஐயா, முழு டார்க்கையும் லோ கியரில் ஒரே மிதியில் கொட்டுபவனுக்கு எந்த ஆக்சிலும் தாங்காது. நிதானமாக ஓட்டினால் நின்றுபிடிக்கிறது. கொழுக்குமலை ஏறும் ஜீப்புகளைப் பாருங்கள், டீசல்தான் ஓடுகிறது.

பழைய ஸ்பேனர்
அவை தொழிற்சாலையிலேயே டீசலாகப் பிறந்தவை. கியர்பாக்ஸ், ஆக்சில், சட்டம் எல்லாம் அந்த எஞ்சினுக்காகச் செய்தவை. நீங்கள் சொல்வது கன்றுக்குட்டிக்கு எருதின் நுகத்தடியைப் பூட்டுவது.

இன்னொன்று: 190 என்பது 2,000 சுழற்சிக்கு மேல். அதற்குக் கீழே அந்த எஞ்சின் தூங்கும், அதை ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். கல்பாதையில் ஆயிரம், ஆயிரத்து இருநூறில்தானே ஊர்ந்து போகிறோம்?

டர்போராஜா
தூங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டீசலில் ஐடிலை ஈ.சி.யு. விடாமல் பிடித்துக்கொள்ளும். லோ முதல் கியரில் காலை எடுத்துவிட்டாலும் வண்டி தானாக ஏறிக்கொண்டிருக்கும். பெட்ரோல் ஜிப்ஸி அதே இடத்தில் இருமி நின்றுவிடும்.

ஆர்.சி. புத்தகம்
எஞ்சின் வரைக்கும் பேசிவிட்டீர்கள். ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது?

ஒரு காலத்தில் பெட்ரோல் ஜீப்பையும் அம்பாசடரையும் டீசலாக்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்துகொண்டவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 2000இல் திருத்தப்பட்ட பிறகு நிலைமை வேறு. உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கு அங்கீகரித்த கிட் இருந்தால் வழி உண்டு. கார் டீசல் எஞ்சினை ஜிப்ஸியில் வைப்பதற்கு அப்படி ஒரு கிட் நான் பார்த்ததில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182அ பிரிவு சேர்ந்தது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

டர்போராஜா
மலைப்பாதையில் யார் பானெட்டைத் திறந்து பார்க்கிறார்கள்?

ஆர்.சி. புத்தகம்
செக்போஸ்ட்டைப் பற்றி யார் பேசினார்கள்? 2006 வண்டி பதினைந்து ஆண்டைத் தாண்டிவிட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அவர் எஞ்சின் நம்பரைப் பார்ப்பார். அதைவிடப் பெரிய விஷயம் விபத்து. அந்த நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகி வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனால், காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் எடுக்கும் ஆயுதம் இந்த எஞ்சின்தான். இழப்பீட்டை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். தோட்டத்தை விற்க வேண்டி வரலாம்.

கிரீஸ் கை
உங்கள் குறை எஞ்சினில் இல்லை, கியர் விகிதத்தில் இருக்கிறது. ஜிப்ஸியில் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது, அதைக் கழற்றி உள்ளே இருக்கும் பற்சக்கரங்களை மட்டும் மாற்றலாம். ஜிப்ஸியின் குடும்பத்தைச் சேர்ந்த சுசுகி சாமுராய்க்காக வெளிநாட்டில் செய்யும் 4.16 லோ கியர் செட்டை இறக்குமதி செய்கிறார்கள். 2.27 எங்கே, 4.16 எங்கே? சக்கரத்துக்குப் போகும் இழுவை அந்த ஒரு மாற்றத்திலேயே 80 சதவீதம் கூடும். ஆர்.சி.யில் எழுதிய எஞ்சினும் எரிபொருளும் அப்படியே இருக்கும்.

டர்போராஜா
ஆக்சிலுக்குப் போகும் விசையும் அதே அளவு கூடுமே, பழைய ஸ்பேனர் ஐயா இப்போது ஏன் பேசாமல் இருக்கிறார்? அதோடு லோ போட்டால் ஜிப்ஸியில் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ளும். தார்ச்சாலைக் கொண்டை ஊசியில் அப்படித் திருப்பினால் டிரான்ஸ்மிஷன் முறுக்கேறும். அவருடைய பாதிக் கஷ்டம் தார்ச்சாலையில்தான்.

பழைய ஸ்பேனர்
பேசாமல் இல்லை, சாப்பிடப் போயிருந்தேன். நீங்கள் சொன்னது சரி. லோ கியரோடும் காலை அடக்கித்தான் ஓட்ட வேண்டும், தார்ச்சாலைக்கு அது உதவாது. ஆனால் தார்ச்சாலையில் மெதுவாக ஏறுவதற்காக ஒருவர் இரண்டேகால் லட்சம் கொடுக்க வேண்டுமா? பெட்ரோல் நூறு ரூபாய், டீசல் 92 என்று வைத்துக்கொள்வோம். பத்து கிலோமீட்டர் பதினைந்தாகவே கூடட்டும். கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய் மிச்சம். மாதம் 500 கிலோமீட்டருக்கு 2,000 ரூபாய். போட்ட பணம் திரும்ப ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆகும். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் பெரிய விலை வித்தியாசம் இருந்த காலத்துக் கணக்கு இது அல்ல. 2014இல் டீசல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியதோடு அந்தக் காலம் போயிற்று.

டர்போராஜா
எல்லாவற்றையும் ரூபாயில் அளந்தால் யாரும் ஜிப்ஸியே வாங்கியிருக்க மாட்டார்கள்.

மேகமலைவாசி
கடைசி வரியில் டர்போராஜா என்னைப் பிடித்துவிட்டார். ஆனால் வண்டியில் ஏறுபவர்கள் என் ஆட்கள். தீர்ப்பாயம் பற்றிச் சொன்னதுதான் என்னை நிறுத்துகிறது. பட்டறைக்கு முன்பணம் கொடுக்கப்போவதில்லை. கிரீஸ் கை, அந்த 4.16 செட்டைப் போட்டால் சாதாரண ஓட்டத்துக்கான ஹை விகிதமும் மாறுமா? தேனிப் பக்கம் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா?

பழைய ஸ்பேனர்
அதற்கு முன் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பாருங்கள், கிளட்ச் வழுக்குகிறதா என்றும் பாருங்கள். 2006 எஞ்சினில் இன்னும் 80 குதிரைகள் இருக்கின்றனவா என்று யாருமே கேட்கவில்லை.