ஹேண்டிலைத் திருப்பினால் ஹெட்லைட் அணைகிறது: பழைய ஸ்கூட்டர் வயரிங் உதவி தேவை

வண்டி 80களின் 150 சிசி டூ-ஸ்ட்ரோக் கியர் ஸ்கூட்டர். 6 வோல்ட், பேட்டரி கிடையாது. மேக்னெட்டோவிலிருந்து (இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் தரும் பகுதி) வரும் ஏசி மின்சாரத்திலேயே விளக்குகள் எரிகின்றன. ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம் திருப்பினால் ஹெட்லைட் அணைகிறது. அடுத்த நொடி ஆக்சிலேட்டர் கொடுத்தால் பின் பல்பு போய்விடுகிறது (வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இல்லாததால், ஹெட்லைட் லோடு போனதும் வோல்டேஜ் எகிறுகிறது, பல்பைக் குறை சொல்லிப் பயனில்லை).

செய்து பார்த்தவை: ஜங்ஷன் பாக்ஸில் வயர்களை இணைக்கும் புல்லட் கனெக்டர்கள், ஸ்லீவ்கள் எல்லாம் புதிது. எர்த் (மின்சாரம் வண்டியின் உலோகம் வழியே திரும்பும் இணைப்பு) போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டாயிற்று. விளக்கு எரியும்போது ஹெட்லைட் எர்த்துக்கும் இன்ஜின் கேஸுக்கும் நடுவே மீட்டரை ஏசியில் வைத்தால் இன்னும் 0.9 வோல்ட். 0.2க்குள் இருக்க வேண்டும். ஹேண்டில் கழுத்தில் உறைக்குள்ளேயே செம்புக் கம்பி அறுந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கேள்விகள் இரண்டு. பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தால் கழுத்து வளைவில் சிக்காமல் வருமா, இல்லை ஹேண்டிலைக் கழற்றியே ஆக வேண்டுமா? ஹெட்லைட்டிலிருந்து இன்ஜினுக்கே 1 சதுர மி.மீ. தனி எர்த் வயர் இழுத்தவர்கள், முனையைச் சால்டர் செய்தீர்களா, கிரிம்ப் (நசுக்கி இறுக்குவது) மட்டுமா? சால்டர் ஏறிய இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்திலேயே முறியும் என்பதால்தான் தயக்கம்.