துருக்கியின் நாட்டார் கதைகள்: இன்னும் புழக்கத்தில் இருக்கின்றனவா, யுனெஸ்கோ பட்டியலில் மட்டுமா?

அரைக்காப்பி:
நம் ஊரில் முல்லா கதை என்று படித்தோமே, அந்த முல்லாவைத் துருக்கியில் நஸ்ரெத்தின் ஹோஜா என்பார்கள். 13ஆம் நூற்றாண்டு ஆள், சமாதி அக்ஷெஹிர் ஊரில். சுற்றிலும் சுவரே இல்லாமல் வாசலில் மட்டும் பெரிய பூட்டுத் தொங்கும் சமாதி என்று அதற்குப் பெயர்.

துருக்கிக் கதை மரபே இன்று அந்தப் பூட்டு மாதிரிதான் என்பது என் கருத்து. பார்க்க அழகு, பயன் கிடையாது. தேதிகளைப் பாருங்கள். காப்பிக் கடையில் கைக்குட்டையும் தடியும் வைத்துக்கொண்டு தனி ஆளாகக் கதை சொல்லும் மெத்தாஹ் கலையை யுனெஸ்கோ 2003இல் பாதுகாக்க வேண்டிய மரபு என்று அறிவித்தது. காராகோஸ் நிழல் பொம்மலாட்டம் 2009. தெதே கோர்குத் என்ற பழைய வீரக்கதைகள் 2018. ஹோஜா கதை சொல்லும் மரபு 2022. வீட்டில் தினமும் புழங்கும் குடத்தை யாராவது அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைப்பார்களா? காராகோஸைக் கேட்டால் ரம்ஜான் மாதத்தில் நடக்கும் என்கிறார்கள். மற்ற பதினோரு மாதம்?

நீலப்பேனா:
அரைக்காப்பி சார், நீங்கள் மேடையைப் பார்க்கிறீர்கள். நான் பேச்சைப் பார்க்கிறேன்.

வேலையைத் தட்டிக்கழிக்கிறவனைப் பார்த்துத் துருக்கியர்கள் "கயிற்றில் மாவு உலர்த்துகிறான்" என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கயிறு இரவல் கேட்கிறார். ஹோஜா, "கொடியில் மாவு காயப் போட்டிருக்கிறேன்" என்கிறார். "கயிற்றில் யாராவது மாவு காயப்போடுவார்களா?" "கொடுக்க மனமில்லை என்றால் போடலாம்." கதை அவ்வளவுதான். உடையைப் பார்த்து மரியாதை கொடுக்கும் விருந்தில் "தின்னு என் ரோமக்கோட்டே, தின்னு" என்பதும், ஏரியில் தயிர் உறை ஊற்றிவிட்டு "ஒருவேளை உறைந்துவிட்டால்?" என்பதும் அவருடையவைதான். கதையை முழுசாகச் சொல்ல வேண்டாம், கடைசி வரி போதும், எதிராளி சிரித்துவிடுவார். கதை எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தானே அது நடக்கிறது?

அரைக்காப்பி:
இது பழமொழி அம்மா, கதை இல்லை. "ஆப்பசைத்த குரங்கு" என்று நாமும்தான் சொல்கிறோம். அதை வைத்துப் பஞ்சதந்திரம் தமிழர் வாழ்க்கையை நடத்துகிறது என்று சொல்ல முடியுமா?

தறிக்காரன்:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். ஒரு பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தெதே கோர்குத் தொகுப்பில் தெலி தும்ருல் என்று ஒரு முரடன் வருவான். வறண்ட ஓடையின் மேல் பாலம் கட்டி, கடக்கிறவனிடம் 33 காசு வாங்குவான். கடக்காதவனை அடித்து 40 காசு வாங்குவான். (அப்புறம் எமனிடமே மல்லுக்கு நிற்கிறான். அவனுக்காக உயிரைக் கொடுக்கப் பெற்றோர் மறுக்க, மனைவி முன்வருகிறாள். அது தனிக் கதை, தேடிப் படியுங்கள்.)

இஸ்மித் வளைகுடாவில் 2016இல் ஒஸ்மான்காஸி பாலம் திறந்தார்கள். கட்டிய நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 40,000 வண்டி என்று அரசு உத்தரவாதம். வண்டி குறைந்தால் மீதியைக் கஜானா கட்டும். அதாவது அந்தப் பக்கமே போகாத கிராமத்தானும் வரி வழியாகக் கட்டுகிறான். இந்த ஏற்பாட்டைத் திட்டுகிறவர்கள் வாயில் வரும் பெயர் தும்ருல்தான். ஒப்பந்தம், அந்நியச் செலாவணி என்று விளக்க அரை மணி நேரம் ஆகிற விஷயம், ஒரே பெயரில் முடிந்துவிடுகிறது. இதைப் பூட்டுப் போட்ட சமாதி என்பீர்களா சார்?

அரைக்காப்பி:
இது நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தும்ருலை அவர்கள் பாட்டியிடம் கேட்டார்களா, பள்ளிப் பாடத்தில் படித்தார்களா? தெதே கோர்குத் நெடுங்காலம் தெரிந்ததே டிரெஸ்டனிலும் வத்திக்கானிலும் கிடைத்த இரண்டு கைப்பிரதிகளால்தான். அரசு அச்சிட்டது, பள்ளிக்கூடம் பரப்பியது. கெலோலானும் அப்படித்தான். ஏழைத் தாயின் மகன், சொட்டைத்தலைப் பையன், அரக்கனையும் அரசனையும் ஏமாற்றுகிறவன். இப்போது குழந்தைகளுக்கு அவன் டிவி கார்ட்டூன்.

மூலைவீட்டுக்காரர்:
அரசு பரப்பியது என்கிறீர்களே, அதே நாட்டில் கதைகளை உட்கார்ந்து சேகரித்தவருக்கு என்ன நடந்தது என்றும் சொல்லுங்கள். பெர்தெவ் நாய்லி போராதாவ். வோல்ஃப்ராம் எபர்ஹார்ட் என்ற ஜெர்மானிய அறிஞரோடு சேர்ந்து துருக்கிக் கதைகளை 378 வகையாகப் பிரித்து 1953இல் நூல் வெளியிட்டவர். அதற்குள் அவர் நாட்டிலேயே இல்லை. இடதுசாரி என்ற குற்றச்சாட்டில் 1948இல் அங்காரா பல்கலைக்கழகத்தில் அவர் பதவி போய்விட்டது. 1952இல் பாரிஸ் போனார், 1998இல் அங்கேயே இறந்தார். செத்த பொருளைத் தொட்டதற்காக யாரும் ஆளைத் துரத்த மாட்டார்கள்.

இன்னொன்று. ஹோஜாவின் பழைய கைப்பிரதிகளில் பச்சையான கதைகள் ஏராளம். பள்ளிப் புத்தகத்தில் இருப்பது குளிப்பாட்டித் தலைவாரிய ஹோஜா.

நீலப்பேனா:
'துருக்கிக் கதை' என்ற பெயரிலேயே எனக்குச் சின்ன உறுத்தல். கெரெம் - அஸ்லி காதல் கதையில் பையன் முஸ்லிம், பெண் ஆர்மீனியப் பாதிரியாரின் மகள். இடுப்புக்கு மேல் பெண், கீழே பாம்பு என்று வரும் ஷாமரான் குர்துகளுக்கும் சொந்தம். மார்தின் ஊர்க் கடைகளில் கண்ணாடியின் பின்பக்கம் தீட்டிய அவள் படம் தொங்கும். தார்சுஸில் ஒரு பழைய குளியல் கூடத்தைக் காட்டி, அவளைக் கொன்ற இடம் இதுதான் என்பார்கள். அவள் செத்தது பாம்புகளுக்கு இன்னும் தெரியாதாம். தெரிகிற நாளில் ஊருக்குள் புகுந்துவிடுமாம்.

தறிக்காரன்:
ஆஷிக் பாடகர்களை மறந்துவிட்டோம். கிழக்குத் துருக்கியில் கார்ஸ், எர்ஸுரும் பக்கம் சாஸ் என்ற தந்தி வாத்தியத்தோடு காப்பிக் கடையில் கதையும் பாட்டுமாக மோதுவார்கள். உதடுகளுக்கு நடுவே ஊசியை நிறுத்திக்கொண்டு ப, ம மாதிரி எழுத்தே வராமல் அந்த இடத்திலேயே கட்டிப் பாடும் போட்டியும் உண்டு. உதடு ஒட்டாமல் பாடும் நம் நிரோட்டகம்தான், ஆனால் தப்பினால் ரத்தம் வரும்.

அரைக்காப்பி:
அந்தக் காப்பிக் கடையில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பாதி சுற்றுலாப் பயணிகள் என்று பந்தயம் கட்டுவேன். சரி, என் வாதத்தைச் சுருக்கிக்கொள்கிறேன்: வரிகளும் பெயர்களும் இருக்கின்றன, ஒத்துக்கொண்டேன். இரவு முழுக்க உட்கார்ந்து ஒரே கதையைக் கேட்கும் கூட்டம் இல்லை. நான் புழக்கம் என்பது அந்தக் கூட்டத்தைத்தான். தும்ருல் பெயரைத் திட்டப் பயன்படுத்துகிறவர்களில் எத்தனை பேருக்கு அவன் மனைவி உயிர் கொடுக்க வந்தது தெரியும்?

நீலப்பேனா:
கூட்டம் போனது உண்மை. அதை நான் மறுக்கவே இல்லை.

ஒன்று மட்டும் கேளுங்கள். துருக்கியில் கதை "பிர் வார்முஷ், பிர் யோக்முஷ்" என்று தொடங்கும். ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம். அந்த 'முஷ்' நம் 'ஆம்'தான். நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டேன் என்பதற்கான விகுதி. அடுத்த வீட்டுப் பெண் ஓடிப்போனாளாம், மேலாளர் ராஜினாமா செய்தாராம் என்ற பேச்சுக்கும் இதே விகுதிதான். அங்கே பாட்டி கதையும் டீக்கடை வம்பும் ஒரே இலக்கணத்தில் ஓடுகின்றன.

அரைக்காப்பி:
வம்பு சாகாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது அம்மா. ஆனால் அதற்கு யுனெஸ்கோ எதற்கு?

மூலைவீட்டுக்காரர்:
அந்த எர்ஸுரும் ஊசிப் போட்டியின் வீடியோ யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். பார்வையாளர்களில் எத்தனை பேர் உள்ளூர்க்காரர்கள் என்று எண்ணிவிடலாம்.