மறு: வாக்கு மாறாமல் கணிப்பு மட்டும் மாறுவதற்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

கருத்துக்கணிப்பில் ஒரு தரப்பினர் மட்டும் குறைவாகப் பதில் சொல்வதைக் குறிக்கும் ‘டிஃபரன்ஷியல் நான்-ரெஸ்பான்ஸ்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். பொருளை ஒருமுறை தெளிவாகப் பார்த்துக்கொண்டால் சொல் தேடுவது எளிதாகும். அதற்கு 2012 அமெரிக்க அதிபர் தேர்தலைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அந்தச் செப்டம்பரில் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் எடுத்த கணிப்பில் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்கு 51 விழுக்காடு, குடியரசுக் கட்சியின் ராம்னிக்கு 43. அக்டோபர் 3 அன்று டென்வரில் முதல் நேரடி விவாதம் நடந்தது. ஒபாமா சோர்ந்து தெரிந்தார். அவரை ஆதரித்தவர்களே அதை வெளிப்படையாகச் சொன்னார்கள். சில நாள்களில் அதே மையம் மறுபடி கணிப்பு எடுத்தபோது ராம்னி 49, ஒபாமா 45. எட்டுப் புள்ளி முன்னிலை நான்கு புள்ளிப் பின்னடைவாகிவிட்டது. இது அப்படியே உண்மை என்றால், ஒன்றரை மணி நேர விவாதத்தைப் பார்த்து நூற்றுக்கு ஆறு பேர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிருக்க வேண்டும். நவம்பரில் ஒபாமா ஏறத்தாழ நான்கு புள்ளி வித்தியாசத்தில் வென்றார்.

இடையில் நடந்ததை ஆண்ட்ரூ கெல்மன், ஷரத் கோயல், டக்ளஸ் ரிவர்ஸ், டேவிட் ராத்ஸ்சைல்ட் ஆகிய நால்வர் பின்னர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். தேர்தலுக்கு முந்தைய 45 நாள்களில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாகத் திரட்டிய தரவு அவர்களிடம் இருந்தது. பதில் தந்தவர்கள் லட்சக்கணக்கானோர். பலர் திரும்பத் திரும்பத் தந்தவர்கள். பெரும்பாலும் இளைஞர்கள், அதிலும் ஆண்கள். ஆகவே நாட்டு மக்களின் நேர்ப் பிரதிநிதிகள் அல்லர். ஆனால் ஒவ்வொருவரும் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர், 2008இல் யாருக்கு வாக்களித்தார் என்பது பதிவாகியிருந்தது. அதை வைத்துப் பார்த்தால், விவாதத்துக்குப் பின் மனம் மாறியவர்கள் மிகச் சிலரே. மாறியது பதில் சொல்ல வந்தவர்களின் கலவை. தங்கள் வேட்பாளர் தடுமாறிய வாரத்தில் ஜனநாயகக் கட்சியினர் பலர் பதில் சொல்லவே வரவில்லை. குடியரசுக் கட்சியினர் உற்சாகமாக வந்தார்கள். பதில் தந்தவர்களின் கட்சி விகிதத்தை நாட்டு வாக்காளர்களின் விகிதத்துக்கு ஏற்பச் சரிசெய்ததும் அந்தச் சரிவில் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

ஆக, நமக்கு வேண்டியவை இரண்டு சொற்கள். ஒரு பக்கத்தார் மட்டும் பேசாமல் ஒதுங்குவது காரணம். அதனால் கணிப்பில் தெரியும் போலி மாற்றம் விளைவு. இழையில் இரண்டும் கலந்துபோனதால்தான் இவ்வளவு இழுபறி.

> ‘வேறுபட்ட பதிலின்மை’ என்றால் போதாதா?

போதாது. ‘வேறுபட்ட’ என்றதும் பலவகைப்பட்ட என்ற பொருளே முதலில் தோன்றும். எதிலிருந்து எது வேறுபடுகிறது என்று விளக்க இன்னொரு வரி எழுத வேண்டியிருக்கும்.

> ‘மறுமொழிச் சாய்வு’ எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான். ஆனால் அதை வேறொன்றுக்கு வைத்திருக்க வேண்டும். கேட்டவர் முகத்துக்காகவோ கூச்சத்துக்காகவோ ஒருவர் உண்மையை மாற்றிச் சொல்வது மறுமொழியில் வரும் சாய்வு. நாம் பேசுவது மறுமொழியே வராததால் வருவது. இவ்விரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் 2016, 2020 அமெரிக்கத் தேர்தல் கணிப்புகளைப் பற்றித் தமிழில் தெளிவாக எழுதவே முடியாது.

> ‘சாய்வு’ கணக்கில் வேறு பொருள் தருகிறது. நடுவு நிலைமை அதிகாரத்தில் ‘ஒருபால் கோடாமை’ என்று வள்ளுவர் சொல்கிறாரே, ‘கோட்டம்’ என்று எடுக்கலாமே.

இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. சீர்தூக்கும் கோல் ஒரு பக்கம் சாயாமல் நிற்பதைச் சொல்லும் குறள் அது. பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் வருவாய்க் கோட்டமும் வள்ளுவர் கோட்டமும் அறிந்த இன்றைய வாசகருக்கு ‘மறுமொழிக் கோட்டம்’ ஓர் அலுவலகத்தின் பெயராகவே தெரியும். மனமில்லாமல்தான் இதை விடுகிறேன். ‘சாய்வு’ கணக்குப் பாடத்தில் கோட்டின் சரிவைக் குறிக்கும் சொல்லுடன் மோதுவது பெரிய சிக்கல் இல்லை: தொகைச்சொல்லில் வரும்போது குழப்பம் வராது, இலங்கைப் பாடநூல்களில் அந்த இடத்தில் ‘படித்திறன்’ என்றே இருக்கிறது.

என் பரிந்துரை: காரணத்துக்கு மௌனச் சாய்வு. ‘டிஃபரன்ஷியல்’ என்ற பகுதி விடுபட்டதாகத் தோன்றலாம். விடுபடவில்லை. இரு தரப்பும் ஒரே அளவில் மௌனமாக இருந்தால் தராசு சாயாது. சாய்வு என்று சொன்னாலே மௌனம் சமமில்லை என்று ஆகிவிடுகிறது. மௌனம் வடசொல் என்ற ஆட்சேபம் வரும். அவர்களுக்கு ‘மறுமொழியாமைச் சாய்வு’ இருக்கிறது. புள்ளியியல் பாடநூலுக்கு அதுவே பொருத்தமாகக்கூட இருக்கலாம். செய்தித்தாளில் தேர்தல் செய்தி படிப்பவருக்கு ‘மௌனச் சாய்வு’ என்றால் விளக்கமே தேவைப்படாது.

விளைவுக்கு இழையில் சொன்ன ‘பொய்யலை’யை நான் ஏற்கவில்லை. நம் தேர்தல் பேச்சில் அலை என்றால் எல்லாத் தொகுதிகளையும் வாரிக்கொண்டு போவது. இங்கே பேசுவது நான்கைந்து புள்ளி. பொய் என்பதும் கணிப்பாளர் ஏமாற்றினார் என்ற பழியைச் சுமத்துகிறது. வானியலில் பார்ப்பவர் இடம் மாறுவதால் விண்மீன் நகர்ந்ததுபோல் தெரிவதை ‘இடமாறு தோற்றம்’ என்கிறோம். அந்த வழியில் தோற்றப் பெயர்ச்சி என்கிறேன். உண்மையிலேயே வாக்காளர் மாறினால் வாக்குப் பெயர்ச்சி. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பது நல்லது, ஏனென்றால் எழுதுபவர் ஒவ்வொரு முறையும் எது என்று முடிவு செய்தாக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை விளக்கத்திலேயே சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இடைவெளி குறையும்போதெல்லாம் ‘தோற்றப் பெயர்ச்சிதான், கவலை வேண்டாம்’ என்று சொல்ல இந்தச் சொல் பயன்படக் கூடாது. 2016 அக்டோபர் 23இல் ஏபிசி தொலைக்காட்சியின் கணிப்பில் கிளின்டன் 50, டிரம்ப் 38. நவம்பர் 1இல் டிரம்ப் 46, கிளின்டன் 45. பத்து நாளுக்குள் அவ்வளவு பேர் மாறியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. நாடு முழுவதும் எண்ணியபோது கிளின்டன் இரண்டு புள்ளி அதிகமே பெற்றார். ஆனால் அதே தேர்தலில் விஸ்கான்சின் மாநிலக் கணிப்புகளின் சராசரி அவருக்கு ஆறு புள்ளிக்கு மேல் முன்னிலை காட்டியது, வென்றவர் டிரம்ப். அங்கே தவறு வேறு வகை. கடைசி வாரத்தில் முடிவெடுத்தவர்கள் டிரம்ப் பக்கம் போனது உண்மையான வாக்குப் பெயர்ச்சி. கணிப்புக்காகக் கேட்கப்பட்டவர்களில் (அதாவது மாதிரியில்) பட்டதாரிகள் அளவுக்கு மேல் இருந்ததைப் பல நிறுவனங்கள் சரிசெய்யாமல் விட்டது இன்னொன்று. அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வுச் சங்கத்தின் குழு இரண்டையும் சுட்டியது.

> தலைப்புக்கு ‘போட்டி இறுகுகிறது’ என்று போடலாமா?

வேண்டாம். ‘இடைவெளி குறைகிறது’ போதும். அதுவும் பிழை வரம்பை, அதாவது சிலரிடம் மட்டும் கேட்பதால் எண் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதை, பார்த்த பிறகு. ஆயிரம் பேரிடம் கேட்ட கணிப்பில் ஒரு வேட்பாளரின் பங்குக்குப் பிழை வரம்பு மூன்று புள்ளி என்றால், இருவருக்கும் இடையிலான முன்னிலைக்கு அது ஏறத்தாழ ஆறு. ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்த முன்னிலையைத் தலைப்புச் செய்தியாக்குபவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

சொற்பட்டியலுக்கு என் வரைவு:

மௌனச் சாய்வு: கணிப்பில் ஒரு தரப்பு ஆதரவாளர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகப் பதிலளிப்பதால் முடிவு மறுபுறம் சாய்வது.

தோற்றப் பெயர்ச்சி: வாக்காளர் மனம் மாறாமலே, மாதிரியின் கலவை மாறியதால் கணிப்பில் தெரியும் ஏற்ற இறக்கம்.

வாக்கியத்தில்: ‘டென்வர் விவாதத்துக்குப் பின் ராம்னி பெற்ற உயர்வில் பெரும்பகுதி மௌனச் சாய்வால் வந்த தோற்றப் பெயர்ச்சி.’

இலங்கை நண்பர்கள் ‘பெயர்ச்சி’ அங்கே எப்படிக் காதில் விழுகிறது என்று சொன்னால் இந்த வாரமே பட்டியலில் ஏற்றிவிடலாம்.