ஸ்லோ மோஷனில் மாட்டிக்கொண்ட என் துடுப்பு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

தொண்டிக்கரை

ரொம்ப நாளாக எழுத நினைத்தது. நான் ரோயிங் (துடுப்பு வலித்துப் படகு ஓட்டுவது) பழகியது சென்னையில், கல்லூரிக் காலத்தில். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபிறகு (தொண்டிக்குத் தெற்கே, சின்ன ஊர்) மூன்று பேர் காசு போட்டு ஒரு பழைய கோஸ்டல் படகு வாங்கினோம். ஆற்றில் ஓட்டுகிற ஒற்றையாள் பந்தயப் படகு எட்டு மீட்டருக்கு மேல் நீளம், எடை 14 கிலோதான், உட்கார்ந்தால் இடுப்பு அகலம்கூட இருக்காது. அதைக் கடலில் இறக்கினால் முதல் அலைக்கே குப்புறக் கவிழும். கோஸ்டல் படகு 6 மீட்டர், குறைந்தது 35 கிலோ, கொஞ்சம் தண்ணீர் ஏறினாலும் அது பின்பக்கமாக வடிந்துவிடும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லைட்வெயிட் (உடல் எடை குறைந்தவர்களுக்கான) பிரிவை எடுத்துவிட்டு பீச் ஸ்பிரிண்ட் சேர்த்திருக்கிறார்களே, மணலில் ஓடிவந்து படகில் ஏறி, மிதவைகளைச் சுற்றி 250 மீட்டர் போய்த் திரும்பி மறுபடி மணலில் ஓடுவது, அதற்கு இந்த வகைப் படகுதான். எங்களுக்கு ஒலிம்பிக் ஆசையெல்லாம் கிடையாது. நம் பெண்கடல் (பாக் விரிகுடா) கச்சான் காலத்தில் (தென்மேற்குக் காற்று வீசும்போது) காலை ஆறு மணிக்குக் குளம் மாதிரிக் கிடக்கிறது, அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். போன மாதம் ஒருநாள் அவன் போனில் ஸ்லோ மோஷன் வைத்து நான் வலிப்பதை எடுத்தான். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படம், அதாவது ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 33 மில்லிநொடி. பிளேடு (துடுப்பின் முனைப் பலகை) தண்ணீரில் இறங்குவதே சில படத்துக்குள் முடிந்துவிடும், அதனால் மேலே இருப்பது தெரியும், உள்ளே இருப்பது தெரியும், நடுவில் நடந்தது போச்சு. 240 படம் வைத்தால் நாலு மில்லிநொடிக்கு ஒன்று கிடைக்கிறது. 2014ல் ஐபோன் 6 வந்தபோதே இந்த 240 வந்துவிட்டது, இப்போது நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் இருக்கிறது, நான்தான் அதைப் பையன்கள் தண்ணீர் பலூன் உடைப்பதை எடுக்கிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன்.

பத்து வருஷமாக நான் நம்பிக்கொண்டிருந்தது இது: முதலில் பிளேடு தண்ணீரில் இறங்குகிறது, அப்புறம்தான் கால் தள்ளுகிறது. யாராவது கேட்டிருந்தால் சத்தியமே பண்ணியிருப்பேன். படகு போகிற திசைக்கு முதுகு காட்டித்தான் உட்காருவோம், சீட் சக்கரத்தில் ஓடும். வீடியோவில் அந்தச் சீட் நகர ஆரம்பித்துவிட்டது, முழங்கால் விரிகிறது, பிளேடு இன்னும் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே கொக்கு மாதிரி நிற்கிறது. ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினோம். சீட் அசைந்ததிலிருந்து பிளேடு முழுசாக மறையும்வரை 26 படம். நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். பையன் சிரிக்காமல் சொன்னான், "சித்தப்பா, நீங்க காத்துல வலிக்கிறீங்க."

இது ஏன் பெரிய விஷயம் என்றால், பிளேடு தண்ணீரை இழுத்துக்கொண்டு வருகிறது என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உண்மையில் நன்றாகப் பிடித்த பிளேடு தண்ணீரில் நட்ட கம்பு மாதிரி ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது, படகுதான் அதைத் தாண்டிப் போகிறது. நட்டு முடிப்பதற்குள் தள்ளினால் அந்தத் தள்ளல் முழுக்க வீண். வீண் ஆவதோடு நிற்பதும் இல்லை, நம் உடம்பு எடை படகைவிட அதிகம், பிடிமானம் இல்லாமல் காலால் உதைத்தால் படகுதான் பின்னுக்குப் போகும். ஒவ்வொரு வலிப்பின் தொடக்கத்திலும் என் படகின் மூக்கு ஒரு கணம் தயங்குவது ஸ்லோ மோஷனில் அப்படியே தெரிந்தது, பார்க்கவே கூச்சமாக இருந்தது.

எடுப்பதிலும் ஏகப்பட்ட தகராறு. நம் கரை கிழக்கே பார்த்தது. காலையில் கரையில் நின்று எடுத்தால் சூரியன் நேர் எதிரே, ஆள் கறுப்பு நிழலாக விழுகிறான். முதுகும் முழங்காலும் அதில் தெளிவாகத் தெரிகின்றன, ஆனால் பிளேடு இறங்குகிற இடம் மினுமினுப்பில் கரைந்துபோகிறது. அதனால் பையனை ஒரு வத்தையில் (சின்ன நாட்டுப்படகு) ஏற்றிக் கடல் பக்கம் நிறுத்தினேன். அப்புறம்தான் கோணம். படகுக்கு நேர் குறுக்கே, கரெக்டாக 90 டிகிரியில் கேமரா இருக்கிற அந்த இரண்டு மூன்று வலிப்பை மட்டும்தான் நம்பலாம். முன்னாலிருந்து சாய்வாக எடுத்ததை வைத்து, கூடப் பழகுகிற பையன் ஒருவனை "நீ முன்னாடி எட்டவே மாட்டேங்குறே" என்று ஒரு வாரம் திட்டினேன், நேராக எடுத்துப் பார்த்தால் என்னைவிட நன்றாக எட்டுகிறான். மன்னிப்புக் கேட்டு ஒரு பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

தண்ணீர் தெறிப்பதைப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. பிளேடு இறங்கும்போது இரண்டு பக்கமும் சின்னதாக, வி எழுத்து மாதிரித் தெறித்தால் நல்லது. படகின் மூக்குப் பக்கமாகப் பெரிதாகத் தெறித்தால் பிளேடு பிரேக் போடுகிறது. பின்பக்கமாக மட்டும் வாரி இறைத்தால், என்னைப் போலக் காற்றில் பாதி வலித்துவிட்டு அப்புறம் தண்ணீரைத் தொடுகிறீர்கள்.

சரி, தெரிந்துவிட்டது, திருத்திவிடலாம் என்று இறங்கினால் அதுதான் கூத்து. பிளேடு, பிளேடு என்று அதையே நினைத்து இரண்டு வாரம் வலித்ததில் என் தாளமே போய்விட்டது. வேகமும் குறைந்தது. இன்னொன்று, ஸ்லோ மோஷனில் எல்லாருமே அழகாகத்தான் வலிக்கிறார்கள். முன்னே நிதானமாகச் சரிந்து போய்ச் சட்டென்று தள்ளுகிற அந்த விகிதம் எட்டில் ஒரு பங்கு வேகத்தில் தெரியவே தெரியாது, அதற்குச் சாதாரண வேகத்தில்தான் பார்க்க வேண்டும். இப்போது முதலில் முழு வேகத்தில் மூன்று தடவை, அப்புறம்தான் மெதுவாக.

உங்களில் யாராவது இப்படி எடுத்துப் பார்த்து அசிங்கப்பட்டிருந்தால் எழுதுங்கள், எனக்கும் துணை வேண்டும்.

கீழக்கரைப் பொண்ணு

துணைக்கு நான் இருக்கிறேன் அண்ணா. சென்னையில் படித்தபோது இரண்டு வருஷம் வலித்தேன். தண்ணீரில் இறங்கியதைவிட எர்க் மெஷினில் (தரையில் வைத்துத் துடுப்பு வலிப்பதுபோலப் பழகுகிற கருவி) உட்கார்ந்ததுதான் அதிகம். (அடையாற்றில் இருக்கிற மெட்ராஸ் போட் கிளப் 1867ல் தொடங்கியது என்று கேள்விப்பட்டபோது எங்க வாப்பா, "நம்ம ஊர்ல அதுக்கு எத்தனையோ காலம் முந்தியே பாய்க்கப்பல் ஓட்டுனாங்க"ன்னு சண்டைக்கே வந்துவிட்டார்.)

ஆறு மாசமாக ஒரு பயிற்சியாளர் என்னிடம் "இடுப்பு முன்னாடி ஓடுது, கை பின்தங்குது" என்று கத்திக்கொண்டே இருந்தார். எனக்குப் புரியவே இல்லை, ரெண்டும் சேர்ந்துதான் போகிறது என்று மனசுக்குள் திட்டுவேன். லீவில் வீட்டுக்கு வந்தபோது இங்கே ஒரு ஜிம்மில் எர்க் இருந்தது, எங்க காக்கா (அண்ணன்) ஸ்லோ மோஷனில் எடுத்தார். எடுத்ததைப் போட்டால் படம் முழுக்க பளிச் பளிச் என்று வெளிச்சம் துடிக்கிறது, பேய்ப்படம் மாதிரி. டியூப் லைட்டாம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது, 240ல் எடுத்தால் தெரிந்துவிடும். மெஷினை வாசல் பக்கம் இழுத்துப்போட்டு வெயில் வெளிச்சத்தில் மறுபடி எடுத்தோம்.

பார்த்தால் சீட் ஒரு சாண் போய்விட்டது, ஹேண்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கால் எல்லாம் நீட்டி முடித்தபிறகு முதுகு மட்டும் தனியாகக் கிடந்து இழுக்கிறது. எனக்கு ஏன் எப்பவும் இடுப்புக்கு மேலே வலி என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த ஆறு மாசக் கத்தலையும் ஒரு நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் ஒன்று, எர்க் வீடியோவை ரொம்ப நம்பாதீர்கள். அதில் பிளேடே கிடையாது, உங்கள் 26 படம் அங்கே வெளியே வரவே வராது. மெஷின் தரையில் நிற்கும், நாம்தான் போய் வருவோம். படகில் நாம் முன்னே சரிகிறபோது படகு நமக்குக் கீழே ஓடுகிறது, சொல்லப்போனால் படகு அதிக வேகத்தில் போவதே அந்த நேரத்தில்தான். அதை எந்த ஜிம்மிலும் எடுக்க முடியாது.

கல்யாண வீடியோ, ராமநாதபுரம்

நமக்குத் துடுப்பு தெரியாது, கேமரா தெரியும். மாலை மாற்றுவதையும் அரிசி போடுவதையும் ஸ்லோ மோவில் எடுத்தே பிழைப்பு ஓடுகிறது, அதனால் மூக்கை நுழைக்கிறேன்.

பாதிப் பேர் செய்கிற தப்பு, 240 வைத்தால் எல்லாம் துல்லியமாகத் தெரியும் என்று நினைப்பது. ஷட்டர் (ஒவ்வொரு படமும் வெளிச்சம் வாங்குகிற நேரம்) மெதுவாக இருந்தால் 240 படமும் கலங்கித்தான் இருக்கும். வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அல்லது அதற்கும் குறைவாக வையுங்கள். விடியற்காலை இருட்டில் முயற்சியே பண்ணாதீர்கள், புள்ளி புள்ளியாக வரும். போனைக் கையில் வைத்துக்கொண்டு படகோடு சேர்த்துத் திருப்பினால் நேர்க்கம்பும் சாய்ந்த மாதிரிப் பதிவாகும், போன் கேமரா படத்தை மேலிருந்து கீழே வரிவரியாகத்தான் வாங்குகிறது. ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, படகைக் குறுக்கே போகச் சொல்லுங்கள்.

அப்புறம் உப்பு. லென்ஸில் உப்புப் பிசுக்கு படிந்ததும் கைலி முனையால் துடைக்கிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன், உப்பு மணல் மாதிரி, கீறிவிடும். நல்ல தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, அது கரைந்தபிறகு துடையுங்கள். எடுத்ததைப் பார்க்க கினோவியா என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, படத்தின் மேலேயே கோடு போட்டுக் கோணம் அளக்கலாம்.

1878ல் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுகிற குதிரையை 12 கேமரா வரிசையாக வைத்துப் பிடித்து, நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகிறது என்று காட்டினார். அதுவரை படம் வரைந்தவர்கள் முன்கால் முன்னே, பின்கால் பின்னே நீட்டியபடி பறக்கவிட்டிருந்தார்கள். தொண்டி அண்ணன் கதையும் அதுதான், குதிரைதான் வேற.

மோர்ப்பண்ணை

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. இப்போது இன்ஜின் நின்றுபோனால்தான் துடுப்பை எடுப்பார். பாய்மரப் படகுப் போட்டி என்றால் இந்தக் கரையில் கூட்டம் அலைமோதும், துடுப்பு வலிக்கிறதை யார் பார்க்கிறார்கள்? இந்தத் திரியைப் படித்துவிட்டு நான்தான் "ஒரு தடவை வலிங்கப்பா" என்று கெஞ்சி வத்தையில் உட்கார வைத்தேன். முழங்கால் தண்ணீரில் தாழைக்குள் (கடற்புல்) நின்றுகொண்டு எடுத்தேன்.

மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருந்தது. பிளேடு இறங்கும்போது தெறிப்பே இல்லை. துடுப்பு உள்ளே போய் நிற்கிறது, அப்புறம்தான் முதுகு சாய்கிறது. ஓடுகிற சீட்டும் கிடையாது, கால் பலகையும் கிடையாது, உட்கார்ந்த இடத்திலிருந்தே. பெருமையாக அவரிடம் போய்க் காட்டினேன்.

அவர் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை மூக்குக்கு அருகே வைத்து, "இந்தா, இதை மறுபடி போடு" என்றார். போட்டேன். "கயித்தப் பாரு." துடுப்பு கட்டியிருக்கிற கயிற்று வளையம். ஒவ்வொரு தடவையும் அவர் சாயும்போது துடுப்பு அந்த வளையத்துக்குள் இரண்டு விரற்கடை சறுக்கி, முட்டி நின்றபிறகுதான் வலிப்பு படகுக்கு ஏறுகிறது. கயிறு தேய்ந்து தளர்ந்திருக்கிறது. "எவன்டா இதைக் கட்டுனது" என்று கேட்டார். நான்தான் கட்டினேன். மறுநாள் காலையில் வளையத்தை அறுத்துப் போட்டுவிட்டு அவரே புதுசாகக் கட்டிவிட்டார், வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தொண்டிக்கரை

மோர்ப்பண்ணைத் தம்பி, உங்கள் அப்பாவுக்கு ஒரு கும்பிடு. உங்கள் பதிவைப் படித்த அன்றைக்கு ராத்திரி என் வீடியோவைத் திரும்பப் போட்டேன். இந்தத் தடவை பிளேடையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. துடுப்பு உட்கார்கிற கொக்கியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அது ஆடுகிறது. கொக்கியைத் தாங்குகிற 'பின்' கம்பி, நான் தள்ள ஆரம்பித்ததும் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, அப்புறம்தான் நிற்கிறது. காலையில் போய்க் கையால் அசைத்துப் பார்த்தால் அடி நட்டு பாதி கழன்றிருக்கிறது, அதற்கடியில் இருக்கிற வாஷர் துருப்பிடித்துத் தூளாகிவிட்டது. மூன்று பேர் வாங்கிய படகு, மூன்று பேரில் ஒருத்தனும் ஸ்பேனர் வைத்து ஒரு தடவை முறுக்கியது இல்லை. இடது பக்கம் மட்டும் அப்படி, வலது சரியாக இருக்கிறது. அதனால்தான் என் படகு எப்பவும் கொஞ்சம் ஒரு பக்கமாகவே ஒதுங்கும், நான் அதற்கு நீரோட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

புது வாஷர் போட்டு நட்டை இறுக்கி, நேற்று காலை பையனை மறுபடி வத்தையில் ஏற்றினேன். காற்று கொஞ்சம் இருந்தது, எட்டு வலிப்பு எடுத்ததில் நேராக அகப்பட்டது மூன்றுதான். எண்ணினோம். 26 இப்போது 19. மீதி 19ம் என்னுடையது, அதற்கு ஸ்பேனர் கிடையாது என்று பையன் சொல்கிறான்.