'சளிப்பூஞ்சை' சரிதானா? 'காம்பமீபா' என்றொரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

அமீபாவாக ஊர்ந்து திரிந்து, பிறகு பூஞ்சைபோல ஸ்போர் (இனம்பெருக்கும் நுண்வித்து) விடும் நுண்ணுயிர்களான 'ஸ்லைம் மோல்டு' என்பதற்குச் 'சளிப்பூஞ்சை' ஏற்கெனவே புழங்குகிறதே, புதுச்சொல் எதற்கு என்று முந்தைய மடலில் கேட்டிருந்தீர்கள். புழக்கத்தில் இருக்கும் சொல்லை மாற்ற எனக்கும் மனம் வராது. ஆனால் இது பிழையான சொல். பூஞ்சை உணவை வெளியே செரித்து உறிஞ்சும். இவை பாக்டீரியாவையும் ஈஸ்ட்டையும் அப்படியே உள்ளே இழுத்து விழுங்குகின்றன. இதைக் கண்டுதான் ஜெர்மானியத் தாவரவியலாளர் டி பாரி 1859-இலேயே 'பூஞ்சைவிலங்கு' என்ற பொருளில் மைசீட்டோசோவா என்று பெயர் வைத்தார். இன்று அவற்றின் இடம் அமீபோசோவா என்ற அமீபாப் பெருங்குழு.

'பூஞ்சை'யை எடுத்துவிட்டு 'வழும்புயிரி' (வழும்பு என்றால் வழுவழுப்பான கூழ்) என்று வைக்கலாம் என ஒருவர் எழுதியிருந்தார். மரக்கட்டையில் மஞ்சளாகப் படரும் பைசாரம் என்ற ஸ்லைம் மோல்டுக்கு அது அழகாகப் பொருந்தும். சிக்கல் மிகச் சிறியவற்றில்தான். ஆலிவ், ஸ்டோயனோவிச் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1960-இல் விவரித்த புரோட்டோஸ்டீலியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வழும்பே கிடையாது.

காய்ந்த புல்தண்டுத் துண்டை ஈர அகாரில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்) வைத்துச் சில நாள் கழித்து நுண்ணோக்கியில் அதன் விளிம்பை மட்டும் பாருங்கள். ஊர்ந்துகொண்டிருந்த ஓர் அமீபா நின்று உருண்டு திரளும். தனக்குக் கீழே மெல்லிய காம்பைச் சுரந்து, அதன் நுனியில் தானே ஏறிக்கொள்ளும். பிறகு அந்த ஒற்றைச் செல்லே ஸ்போர் ஆகிவிடும். மொத்த உயரம் பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. முதல்முறை பார்த்தபோது ஏதோ தூசி என்று நினைத்துத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். மறுபடி பார்த்தால் விளிம்பு நெடுக வரிசையாக மின்னும் மணிகள்!

அதனால் இப்படிக் காம்பு எழுப்பும் சிற்றுயிர்களுக்குக் 'காம்பமீபா' என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. காம்பு, அமீபா இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். 'ஒற்றை ஸ்போர் அமீபா' என்றும் யோசித்தேன், ஆனால் சிலவற்றில் இரண்டு, நான்கு ஸ்போர்கள் வருகின்றன. இன்னொரு வசதியும் உண்டு. இவை ஒரே குடும்பம் இல்லை, அமீபோசோவா முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன என்று 2009-இல் மரபணு ஒப்பீடு காட்டியது. காம்பமீபா வாழ்முறையைச் சொல்லும் பெயர், உறவைச் சொல்வதில்லை. நாளை வகைப்பாடு மாறினாலும் சொல் நிற்கும்.

அப்புறம், டிக்டியோஸ்டீலியம் வகைக்குத் 'திரளமீபா'. பசி வந்ததும் ஆயிரக்கணக்கான அமீபாக்கள் ஒன்றுகூடி நத்தைபோல நகர்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் தனிச் செல்லாகவே இருக்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காம்பாக மாறி மடிந்து, மற்றவற்றை மேலே தூக்கிப் பிடிக்கும். இதையும் பைசாரத்தையும் ஒரே சொல்லில் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பைசாரத்தின் உடல் ஆயிரக்கணக்கான கருக்கள் மிதக்கும் ஒரே செல். அதைப் 'பிளாஸ்மோடியம்' என்று எழுதினால் படிப்பவர் மலேரியாக் கிருமியை நினைப்பார். 'பல்கருக்கூழ்' எப்படி?

செரேஷியோமிக்சா என்ற இன்னொரு ஸ்லைம் மோல்டை என்ன செய்வது என்பதுதான் எனக்கு இன்னும் தெளியவில்லை. கண்ணுக்குத் தெரியும் வெண்ணிறத் தூண்கள், ஆனால் அவற்றின் மேற்பரப்பெங்கும் ஒவ்வொரு ஸ்போருக்கும் தனித்தனிக் காம்பு. காம்பமீபாவில் சேர்ப்பீர்களா, வழும்புயிரியிலா?