ஸ்பிரிங்பேக்குக்குத் தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

பீன்யாவிலிருந்து, திங்கள் இரவு

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்னப் பட்டறையில் மேற்பார்வை பார்க்கிறேன். படிக்கட்டுக் கைப்பிடி, கேட், ஹோட்டல் சமையலறைக்கு ஸ்டாண்டு, எல்லாம் எஸ்.எஸ். 304, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு வகை. புதிதாக ஆறு பையன்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஊத்தங்கரை, திருப்பத்தூர் பக்கம். கன்னடம் இன்னும் பிடிபடவில்லை, ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்தால் படம் மட்டும் பார்க்கிறார்கள். அதனால் தமிழிலேயே பன்னிரண்டு பக்கம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். ஸ்பிரிங்பேக். 16 மி.மீ. கெட்டி ராடை, வளைவுக்கு வடிவம் கொடுக்கும் டையில் வைத்து 90 டிகிரிக்கு வளைக்கிறோம். கைப்பிடியை விட்டதும் ராடு கொஞ்சம் விரிந்துவிடும். 40 மி.மீ. ஆரமுள்ள டை என்றால் 93 வரை கொண்டுபோய் விட்டால்தான் 90 நிற்கும். 120 ஆர டை என்றால் 96, 97 வரை போக வேண்டியிருக்கிறது. போன வாரம் ஒரு பையன் மூலைமட்டம் வைத்துச் சரியாக 90க்கு வளைத்து எடுத்தான். இருபது ராடு, இருபதும் விரிந்து நின்றன. அவன்மேல் தப்பில்லை. அப்படி ஒன்று உண்டு என்று சொல்ல எங்களிடம் ஒரு பெயர்கூட இல்லை. "ரிட்டர்ன் வரும்டா" என்பதோடு சரி.

எனக்குத் தோன்றியது "திரும்பல்". நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

அல்சூரிலிருந்து, செவ்வாய் காலை

தம்பி, நல்ல வேலை செய்கிறீர்கள்.

முப்பத்தோராண்டு தமிழாசிரியனாக இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இதற்கு வள்ளுவரிடமே வழி இருக்கிறது. "சொல்வணக்கம் ஒன்னார்கண் கொள்ளற்க வில்வணக்கம் தீங்கு குறித்தமை யான்." இங்கே வணக்கம் என்றால் வளைதல். வில் வளைவது பணிவினால் அன்று, மீண்டு நிமிர்ந்து அம்பை எய்வதற்காக. உங்கள் ராடு செய்வதும் அதுதானே? ஆகவே "வில்மீட்சி". சுருள்வில் என்று பள்ளியில் படித்த பையனுக்கு வில் புரியும்.

"மீள்நிமிர்வு" என்றும் சொல்லலாம். ஆனால் புணர்ச்சி விதிப்படி அது "மீணிமிர்வு" ஆகும். வாள்+நுதல் வாணுதல் ஆனதுபோல. அப்படி எழுதத் துணிவிருந்தால் எழுதுங்கள்.

தினமும் காலையில் ஏரிக்கரை வள்ளுவர் சிலையைத் தாண்டித்தான் நடக்கிறேன். 1991இல் வந்து சேர்ந்து, 2009 ஆகஸ்டு வரை மூடியே கிடந்த சிலை. இன்று காலை அதன் எதிரில் நின்றபோதுதான் இந்தக் குறள் நினைவுக்கு வந்தது.

---

ஜாலஹள்ளியிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, குறள் அருமை. ஆனால் வில்லை முழுதாக விட்டால் பழைய நிலைக்கே போய்விடும். ராடு அப்படிப் போவதில்லை. பெரும்பகுதி வளைந்தே நிற்கும், மீள்வது சிறு பங்குதான். வளைக்கும்போது ராடின் வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் அமுங்குகிறது. இவை நிரந்தரமாக மாறிவிடுகின்றன. நடுப்பகுதியோ இன்னும் மீள்தன்மையோடு இருந்து பழைய நிலைக்கு இழுக்கிறது. இரண்டும் பேரம் பேசி ஒரு கோணத்தில் நிற்கின்றன.

சாதாரண இரும்பைவிட 304இல் இது அதிகம் தெரிவதற்கும் காரணம் உண்டு. வளைய வளைய அது கெட்டிப்படும். ஒரு காந்தத்தை நேர்ப்பகுதியில் வைத்துப் பாருங்கள், அநேகமாக ஒட்டாது. பலமாக வளைத்த இடத்தில் லேசாக இழுக்கும். உள்ளமைப்பே அங்கே மாறியிருக்கிறது.

என் ஓட்டு "நிமிர்வு". தானே நிமிர்வது நிமிர்வு, நாம் செய்வது நிமிர்த்தல். தன்வினை, பிறவினை என்று தமிழே பிரித்துக் கொடுத்திருக்கிறது.

---

சிவாஜிநகரிலிருந்து, செவ்வாய் இரவு

ராடு, டை, ஸ்டாண்டு, எஸ்.எஸ். என்று எழுதிவிட்டு ஒரு சொல்லுக்கு மட்டும் தமிழ் தேடுவதில் என்ன பயன்? தண்டு, அச்சு, தாங்கி, துருவேறா எஃகு. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

எஃகு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். கன்னடத்தில் எஃகுக்கு உக்கு. தென்னாட்டு எஃகை ஐரோப்பியர் ஊட்ஸ் என்று அழைத்ததே இந்த உக்கிலிருந்து வந்தது என்பது பலர் ஏற்ற கருத்து. ஈழத்தில் இன்றும் உருக்கு என்கிறார்கள். உருக்கு, உக்கு, எஃகு மூன்றும் ஒரே வேரா என்று பல வருடமாக யோசிக்கிறேன். "எஃகதனிற் கூரிய தில்" என்று குறளில் வரும்போது அது உலோகத்தின் பெயரைவிட ஆயுதத்தின் பெயராகவே எனக்குப் படுகிறது. கூர்மைதான் முதல் பொருள், உலோகம் பிறகு வந்தது. ஆய்தம் அங்கே எதற்கு என்பதற்கும் என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. தனி மடலில் எழுதுகிறேன்.

---

பீன்யாவிலிருந்து, புதன் காலை

ஐயா, அச்சு என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் பட்டறையில் வண்டி அச்சு உண்டு, வார்ப்பு அச்சு உண்டு, இப்போது கையேடே அச்சுக்குப் போகிறது. "அச்சை மாத்து" என்று கத்தினால் பையன் எதைத் தொடுவான்? டை என்றால் ஒன்றே ஒன்றுதான். ஊரில் அவன் அம்மா இந்த உலோகத்தை எவர்சில்வர் என்கிறார். துருவேறா எஃகு அட்டையில் இருக்கட்டும், உள்ளே எஸ்.எஸ். தான்.

ஜாலஹள்ளி அம்மாவின் "நிமிர்வு" எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் நேற்று கோணல் ராடு ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது இடித்தது. நேராக்கி விட்டால் அது மறுபடி கொஞ்சம் கோணும். கொஞ்சம் தாண்டி எதிர்ப்பக்கம் கொண்டுபோனால்தான் நேர் நிற்கும். அதுவும் ஸ்பிரிங்பேக்தானே? அங்கே ராடு நிமிரவில்லை, வளைகிறது. அதைப் போய் நிமிர்வு என்று எப்படிச் சொல்வது?

---

ஜாலஹள்ளியிலிருந்து, புதன் மதியம்

மிகச் சரியான மறுப்பு. நிமிர்வைத் திரும்பப் பெறுகிறேன்.

திசை சொல்லாத சொல் வேண்டும். மீட்சி திசை சொல்லாது, போன வழியே வருதலை மட்டும் சொல்லும். ஆனால் வெறும் மீட்சி என்றால் இயற்பியல் பாடத்தின் பொதுப்பண்பு ஆகிவிடும். விசையை விட்ட பிறகு நடப்பது என்பதற்காக "பின்மீட்சி" என்று முன்மொழிகிறேன். அதற்காகக் கூடுதலாக வளைப்பது "மிகைவளைப்பு".

இன்னொரு வேண்டுகோள். பின்மீட்சிக்குப் பயந்து யாரும் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைக்கக் கூடாது என்று கையேட்டில் பெரிதாகப் போடுங்கள். 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் 304 கொஞ்ச நேரம் நின்றாலே, குரோமியம் கார்பனோடு சேர்ந்து, உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய மணிகளின் எல்லையில் ஒதுங்கும். துரு பிடிக்காமல் காக்கும் குரோமியம் அந்த இடத்தில் குறைந்துபோகும். வேலை அன்றைக்கு அழகாக இருக்கும், சில மழைக்காலம் கழித்து வளைவில் மட்டும் துரு வரும். டையும் சாதா இரும்பு என்றால் நடுவில் பித்தளைத் தகடு வையுங்கள். இரும்புத் துகள் ஒட்டினால் அதுவும் துருக்கறை ஆகும்.

---

சிவாஜிநகரிலிருந்து, புதன் இரவு

மிகை என்பது குற்றத்தைக் குறிக்கும். கூட்டுவளைப்பு என்றால் என்ன குறை?

---

பீன்யாவிலிருந்து, வியாழன் இரவு

இன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு சொல்லையும் பையன்களிடம் கத்திப் பார்த்தேன். எழுதுகிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம்.

என்னுடைய "திரும்பல்" முதலில் விழுந்தது. ஒருவன் உடனே ராடை அப்படியே உருட்டித் திருப்பிவிட்டான். அடுத்த வளைவு வேறு தளத்தில் வரும்போது "திருப்பு" என்றுதான் சொல்வோம், அதனால் அவன் செய்தது நியாயம். 20 மி.மீ. ராடில் இப்படி நடந்தால் கை போய்விடும். விட்டம் இரண்டு மடங்கானால் இழுக்கும் பலம் எட்டு மடங்கு வேண்டும் என்பதால் அதற்கு ஆள் உயரப் பைப்பைச் சொருகித்தான் இழுக்கிறோம். அந்தப் பைப்பு திரும்பி வீசும்போது யாரும் எதிரில் நிற்கக் கூடாது.

"வில்மீட்சி" இரண்டு பேருக்கு வில்மிச்சி என்று கேட்டது. "கூட்டுவளைப்பு" என்றதும் இரண்டு ராடைச் சேர்த்து வைக்கவா என்று கேட்டான் ஒருவன். "நிமிர்வு" ஆறு பேருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. "பின்மீட்சி" புரிய நாலு நிமிடம் ஆனது, ஆனால் பிளஸ் டூ படித்தவன் "மீட்சி எல்லை பாடம்தானே அண்ணா" என்று மற்றவர்களுக்கு அவனே சொல்லிக்கொடுத்தான். அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பெரும்பாலோர் தனி மடலில் பின்மீட்சிக்கே சரி என்று எழுதிவிட்டீர்கள். தலைப்பில் பின்மீட்சி. அட்டவணையில் மட்டும் "எவ்வளவு நிமிரும்" என்று போடுகிறேன். அங்கே வளைக்கும் வேலை மட்டும்தான் வருகிறது, குழப்பம் வராது. மிகைவளைப்புக்குப் பதிலாக "கூட வளை" என்று வினையாகவே எழுதிவிட்டேன்.

---

அல்சூரிலிருந்து, வெள்ளி காலை

அச்சுக்குப் போய்விட்டது என்று தெரியும். இருந்தாலும் பதிவுக்காக.

பின்மீட்சியில் வரும் பின் காலமா இடமா? பின்னர் மீளுதலா, பின்னோக்கி மீளுதலா? இரண்டும் பொருந்தும் என்று அம்மா சொல்லக்கூடும். கலைச்சொல்லில் இரண்டு பொருந்தக் கூடாது என்பதே என் கட்சி. அடுத்த பதிப்பில் வில்மீட்சியை மறுபடி எடுங்கள்.

தம்பி, சனிக்கிழமை பட்டறை திறந்திருக்குமா? அந்தப் பைப்பு எப்படித் திரும்புகிறது என்று ஒருமுறை தள்ளி நின்று பார்க்க வேண்டும்.