கன்விக்ட் குஞ்சுகளில் ஊனமானவற்றை எப்போது, எப்படிக் கழிப்பது?

வைகைக்கரை (கேள்வி):

வணக்கம். மூன்றடித் தொட்டியில் கன்விக்ட் சிக்லிட் என்ற கறுப்புப் பட்டை மீன் ஒரு ஜோடி வளர்த்து வருகிறேன். இரண்டையும் ஒரே கடையில், ஒரே தொட்டியிலிருந்து வாங்கினேன்; உடன்பிறந்தவையாகவே இருக்கக்கூடும். மூன்றாவது முறை இட்ட முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகளுக்கு இப்போது ஆறு வாரம் ஆகிறது. நீளம் ஏறத்தாழ 2 செ.மீ. எண்ணிப் பார்த்ததில் 90-க்குச் சற்று மேல் இருக்கின்றன. அவற்றில் 11 மீன்கள் எனக்குச் சரியாகப் படவில்லை. நான்கிற்கு முதுகு வளைந்திருக்கிறது. மூன்றிற்கு ஒரு பக்கச் செவுள் மூடி குறைந்து, உள்ளிருக்கும் சிவப்பு வெளியே தெரிகிறது. ஒன்று வாயை மூட முடியாமல் திறந்தபடியே நீந்துகிறது. மீதி மூன்றிற்கு வால் துடுப்பு பிய்ந்தும் கறுப்புப் பட்டைகள் நடுவில் உடைந்தும் இருக்கின்றன. இவற்றில் எவை உண்மையான ஊனம், எவற்றைக் கழிக்க (கொன்று நீக்க) வேண்டும், கழிப்பதென்றால் துன்பமில்லாமல் எப்படிச் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.

பழைய தொட்டி:

முதலில் அந்தக் கடைசி மூன்றையும் விட்டுவிடுங்கள். கன்விக்ட் குஞ்சுகள் ஒன்றையொன்று கடிப்பது வழக்கம். கடிபட்ட துடுப்பு, நீர் சுத்தமாக இருந்தால் சில வாரங்களில் வளர்ந்துவிடும். பட்டை உடைந்திருப்பது நிற வேறுபாடே தவிர ஊனம் ஆகாது.

மற்றவற்றைத் தொட்டியில் நீந்தவிட்டுத் தீர்மானிக்க வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டி நீரை எடுத்து, ஒவ்வொரு மீனாக அதில் விட்டு, பக்கவாட்டில் ஒருமுறையும் மேலிருந்து ஒருமுறையும் பாருங்கள். பக்கவாட்டில் நேராகத் தெரியும் முதுகு மேலிருந்து பார்க்கையில் பாம்புபோல் நெளிந்திருப்பதும் உண்டு. செவுள் மூடியை இரு பக்கமும் பார்க்க வேண்டும். வலப்பக்கம் முழுமையாக இருக்கும், இடப்பக்கம் ஓரம் சுருண்டு மடங்கியிருக்கும். பிறகு பொடித்த உணவைச் சிறிது தூவி, அது உண்கிறதா, மற்றவற்றோடு போட்டியிடுகிறதா என்று கவனியுங்கள். உண்ண முடியாதது, நிலைகொண்டு நீந்த முடியாமல் அடியில் வயிற்றால் இழைவது, இவ்விரண்டையும் கழிப்பதில் நான் தயங்குவதில்லை. வாய் மூடாத உங்கள் மீன் இன்னும் உயிரோடிருப்பதே பொடி உணவின் தயவில்தான். பெல்லட் எனும் உருண்டைத் தீனிக்கு மாறியதும் பட்டினி கிடக்கும்.

இனி, இத்தனை ஊனம் ஏன் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்வது ஒரு காரணம். குஞ்சுப் பருவத்தில் வைட்டமின் சி குறைந்தாலும் முதுகு வளையும், செவுள் மூடி சுருளும். மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் உணவு டப்பாவில் அந்த வைட்டமின் பெருமளவு அழிந்திருக்கும். புதிய உணவு கொடுத்தும் அடுத்த முட்டைகளில் அதே குறை வந்தால், ஜோடியைப் பிரித்து வேறிடத்திலிருந்து ஒரு துணையைத் தேடுங்கள். கழித்துக்கொண்டே இருப்பதைவிட அதுவே நல்ல வழி.

செவுள் மூடி மட்டும் குறைந்து, மற்றபடி துடிப்பாக இருக்கும் மீனை நானானால் வைத்துக்கொள்வேன். விற்கவும் மாட்டேன், இனப்பெருக்கத்துக்கும் விடமாட்டேன். முதுகு குறுகிய மீன்களைப் ‘பலூன்’ என்று பெயரிட்டுக் கூடுதல் விலைக்கு விற்கும் சந்தையில் இந்தக் கொள்கைக்கு மதிப்பில்லை என்பது வேறு விஷயம்.

கிராம்பு:

கழிக்கும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கலப்படமில்லாத கிராம்பு எண்ணெய் போதும். அது நீரில் தானாகக் கரையாது. ஆகவே ஒரு சிறு பாட்டிலில் தொட்டி நீரோடு சேர்த்து, பால்போல் வெளுக்கும்வரை குலுக்க வேண்டும். தனிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் நீரில் மீனை விட்டு, முதலில் இரண்டு மூன்று துளி அளவுக்கான கலவையை மெல்ல ஊற்றினால் மீன் சில நிமிடங்களில் மயங்கிச் சாயும். அதன்பின் மேலும் பன்னிரண்டு, பதினைந்து துளி சேர்க்க வேண்டும். செவுள் அசைவு நின்றதும் எடுத்துவிடக் கூடாது. அதற்குப் பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அந்தப் பாத்திரத்தையும் வலையையும் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். உயிரோடு ஃப்ரீசரில் வைப்பதும் கழிவறையில் விடுவதும் கொடுமை.

குளத்திலோ வாய்க்காலிலோ விடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். இது மத்திய அமெரிக்க மீன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், 2017-இல் மூடப்பட்ட ஹேசல்வுட் அனல்மின் நிலையத்தின் நீர்த்தேக்கத்தில், நிலையம் இயங்கி நீர் வெதுவெதுப்பாக இருந்த காலத்தில், காட்டுமீனாகவே பெருகியிருந்தது. நம் நீர்நிலைகள் அதைவிட வசதியானவை.

பழைய தொட்டி:

ஒன்றைச் சேர்க்க மறந்தேன். குஞ்சாக இருந்தபோது நேராக இருந்து, வளர்ந்தபின் முதுகு வளைந்து உடல் மெலியும் மீன் இருந்தால் அது பிறவி ஊனமாக இல்லாமல் மீன் காசநோயாகவும் இருக்கலாம். அதற்குக் காரணமான மைக்கோபாக்டீரியம் மெரினம் நம் கைப் புண்கள் வழியாக மனிதருக்கும் தொற்றும். அத்தகைய மீனை ஆஸ்கர் போன்ற பெரிய மீனுக்கு இரையாகப் போடவே கூடாது.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை டம்ளரில் விட்டுப் பார்த்தேன். வளைந்த நான்கில் ஒன்று, பக்கவாட்டில் எவ்வளவு திருப்பிப் பார்த்தாலும் நேராகவே இருந்தது. நான் தொட்டிக் கண்ணாடியின் மூலையில் பார்த்து ஏமாந்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தபோதும் நெளிவில்லை. மற்ற மூன்றையும் வாய் மூடாததையும் கிராம்பு எண்ணெயில் கழித்தேன். செவுள் குறைந்தவை மூன்றும் இப்போது தனியாக இரண்டடித் தொட்டியில் இருக்கின்றன. உணவு டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், காலாவதியாகி ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.